தங்கபுஷ்பத்துக்குப் பக்கத்து சீட்டு

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. இது ஒண்ணும் நான் துண்டு போட்டுப் புடிச்ச சீட்டு இல்ல. என் சீட்டு அந்தா, முன்னால இருக்கு. டிரைவருக்குப் பின்னால மூணாவது வரிசை, ரெண்டு பேர் உக்கார்ற சீட்டு. ஜன்னலோரமா ஊதாச் சேலை தெரியிதுல்ல? அது என் சம்சாரம். தங்கபுஷ்பம்னு பேரு. அவளுக்குப் பக்கத்துல கோடு போட்ட சட்டையும் உச்சி வழுக்கையுமா ஒரு ஆளு தெரியிதா? அது நான் இல்ல.

மாட்டுத்தாவணியில வண்டி நிக்கிது. டிரைவர் இன்னும் ஏறல. சரி, அவளுக்கு ஒரு டீ வாங்கிட்டு வருவோம்னு இறங்கினேன். கையில சூட்டோட டம்ளரப் புடிச்சுக்கிட்டு வந்து பாத்தா அந்த ஆளு உக்காந்துட்டான். என்னையப் பாத்து எந்திரிக்கத்தான் செஞ்சான், இல்லன்னு சொல்லல. இவதான், "நீங்க இருங்க தம்பி"ன்னு அவனை உக்கார வச்சுட்டு என்கிட்ட, "நாங்க பேசிக்கிட்டு வர்றோம், நீங்க பின்னால போயி உக்காருங்க"ங்கிறா. நாங்களாம். டீயும் வேணாம்னுட்டா. நானே குடிச்சேன், நாக்கு வெந்துபோச்சு.

நான் சந்தேகப்படுற ஆளு இல்ல தம்பி. அதை மொதல்லயே சொல்லிர்றேன். அறுபத்தஞ்சு தாண்டிட்டேன், அவளுக்கு அறுபது. பேரன் பேத்தி எடுத்தாச்சு. இந்த வயசுல என்ன சந்தேகம். சும்மா சொல்றேன், விருதுநகர் வர்ற வரைக்கும் பொழுது போகணும்ல.

அந்த ஆளு பேரு இன்பராஜ். டைலரு. எங்க ஊர்லதான் கடை. பேரைப் பாருங்க.

எனக்குப் பேரு தனுஷ்கோடி. புரோட்டாக் கடை. எண்ணெயில பொரிச்சு எடுக்கிற புரோட்டா, மட்டன் சுக்கா, குடல் வறுவல், ஈரல். இப்ப மகளோட மாப்பிள்ள பாக்குறாரு, நான் சாயங்காலம் போயி கல்லால உக்காந்து அவரைத் திட்டிட்டு வருவேன். என் சம்சாரம் அந்தக் கடைப் பண்டத்துல கையே வைக்க மாட்டா. ரசம், கீரை, ஒரு துவையல், அம்புட்டுத்தான் அவ சாப்பாடு. அதைக் கேட்டுக்கோங்க, பின்னால வேணும்.

மூணு வருசத்துக்கு முன்னால அவளுக்கு வெளிக்கிப் போறப்ப ரத்தம் போச்சு. என்கிட்ட உடனே சொல்லல. பொம்பளைங்க இதெல்லாம் எங்க சொல்றாங்க. நான் கேக்கவும், "சூடு"ன்னா. நானும் சூடுதான்னேன். உங்க வீட்டுல என்ன சொல்லுவாங்க? அதேதான். எல்லார் வீட்டுலயும் அதேதான். மூலச் சூடு. அதுக்கு என்ன வைத்தியம்? கருணைக்கிழங்கு. நான் சமையக்காரன் தம்பி, என் கையால கருணைக்கிழங்கு மசியல் பண்ணினா நாக்கு ஊறும், அரிக்காது. புளித்தண்ணியில வேக வச்சு, மத்தால மசிச்சு, பூண்டு தட்டிப் போட்டு... வாரத்துல நாலு நாளு பண்ணிப் போட்டேன். கொஞ்ச நாளைக்கு நின்னுச்சு. பாத்தியா, என் கைப்பக்குவம்னு சொன்னேன். மறுபடி வந்துச்சு. மறுபடி மசியல். "மூலம் பவுத்திரம்"னு பலகை போட்ட ஒரு ஆளுகிட்டக் கூட்டிட்டுப் போனேன். அவரு தொட்டே பாக்கல, பாக்காமயே மூலம்தான்னு லேகியம் குடுத்தாரு. இப்படியே ரெண்டு வருசம் போச்சு. நான் அவளுக்குச் செஞ்ச மாதிரி எந்தப் புருஷன் செஞ்சிருப்பான்? மத்தைத் தொட்டிருப்பானா ஒருத்தன்?

அப்புறம் ஆளு வெளுத்துப் போனா. ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது. போயிட்டு வந்த பத்தாவது நிமிசம் மறுபடி போகணும்ங்கிறா, போனா ஒண்ணும் வரல. மகதான் இழுத்துக்கிட்டு மதுரைக்கு வந்தா.

அங்க ஒரு டாக்டரம்மா. நம்ம மக வயசுதான் இருக்கும். விரல் விட்டுப் பாத்துட்டு, குழாய் விட்டுப் பாக்கணும்னுச்சு. அதுக்கு முந்தின நாளு ஒரு மருந்தைத் தண்ணியில கரைச்சுக் குடுத்து குடலைக் கழுவுறாங்க. அன்னைக்கு அவ ஓடின ஓட்டத்துக்கு அளவே இல்ல. மறுநாள் குழாய் விட்டு, உள்ள இருந்து ஒரு துணுக்கு சதைய எடுத்து அனுப்பிச்சு, வந்துருச்சு பதிலு. மலக்குடல்ல புத்து. ஆசனவாய்க்குப் பக்கத்துலயே.

அந்தம்மா எங்களை உக்கார வச்சு ஒவ்வொண்ணா விசாரிச்சுச்சு. "வீட்டுல பீடி சிகரெட் உண்டா?" நான் முழிச்சேன். "குடிக்கிற பழக்கம்?" நான் முழிச்சேன். "ஆட்டுக்கறி, மாட்டுக்கறி அடிக்கடி சாப்பிடுவீங்களா? காய்கறி, கீரை கம்மியா? உடம்பு எடை கூடுதலா? உக்காந்த இடத்துலயே வேலையா?" எனக்கு ஒரே குழப்பம். இது யாரை விசாரிக்குது? நோயாளி அவ, பதில் பூரா என்கிட்ட இருக்கு. என் சம்சாரம் திரும்பி என்னைய ஒரு பார்வை பாத்தா. அந்தப் பார்வை எனக்குப் புடிக்கல. நானா நோயை வரச் சொன்னேன்?

கடைசியா, "உங்க கூடப் பொறந்தவங்க யாருக்காச்சும் இந்த மாதிரி?"ன்னு கேட்டுச்சு. அப்பத்தான் இவ சொல்றா, எங்க மச்சான், இவளோட கூடப் பொறந்த அண்ணன், அம்பது வயசுக்குள்ள ரத்தம் போயே செத்தாரு. நாங்க அதையும் சூடுன்னுதான் நெனச்சிருந்தோம். டாக்டரம்மா சொன்னுச்சு: "இது ஒரே நாள்ல வர்றது இல்லம்மா. குடலுக்குள்ள சின்ன மரு மாதிரி ஆரம்பிச்சு, வருசக் கணக்கா வளந்து, அப்புறம்தான் புத்தாகும். மருவா இருக்கும்போதே பாத்துட்டா, குழாய் விடும்போதே நறுக்கி எடுத்துறலாம். உங்க பிள்ளைங்களுக்கும் இப்ப இருந்தே பாக்கணும்." சொல்லிட்டு என் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்களும் பாத்துக்கணும்"னு ஒரு டப்பாவக் குடுத்துச்சு. மலத்துல கண்ணுக்குத் தெரியாம ரத்தம் இருந்தாக் காட்டிக் குடுக்குமாம். எனக்கென்ன தம்பி, கல்லு மாதிரி இருக்கேன். அந்த டப்பா டிவிக்கு மேல இருக்கு. உங்களுக்கு என்ன வயசு? நாப்பத்தஞ்சா? பாத்துக்கோங்க. ரத்தம் கித்தம் வந்தா கிழங்கைத் தேடாம டாக்டரைத் தேடுங்க. சொல்றதச் சொல்லிட்டேன்.

அப்புறம் வைத்தியம். மொதல்ல கரண்டு வச்சாங்க, கதிரு பாய்ச்சுறதைத்தான் அப்படிச் சொல்றாங்க, கூடவே மாத்திரை. கட்டி சுருங்கட்டும்னு கொஞ்ச நாள் விட்டு, பிறகு ஆப்பரேசன். புத்து கீழ்வாசலுக்கு அவ்வளவு பக்கத்துல இருந்ததால அந்த வாசலையே தச்சு மூடிட்டாங்க. வயித்துல இடது பக்கம் புதுசா ஒரு வழி. அதுல பை. ஆயுசுக்கும் அப்படித்தான். அதுக்குப் பிறகு ஊசி, பல மாசம். அந்த ஊசி போட்டாப் பச்சத்தண்ணியத் தொட முடியாது, விரல் நுனியெல்லாம் முள்ளு குத்தும். குளிக்க, குடிக்க, பாத்திரம் கழுவ எல்லாத்துக்கும் வெந்நி. யாரு வச்சா? நான் வச்சேன். வெந்நி வச்சவன் பேரை யாராச்சும் சொல்றாங்களா பாருங்க.

இந்த இன்பராஜ் எங்க வந்தான்னு கேக்குறீங்களா? அங்கதான் வந்தான். ஆப்பரேசன் முடிஞ்சு வார்டுல கெடக்குறா. நர்ஸம்மா வந்து, "ஐயா, பையை எப்படிக் கழட்டி மாட்டுறதுன்னு காட்டப் போறேன். நீங்களும் வந்து பாருங்க"ன்னுச்சு. நான் மருந்து வாங்கிட்டு வந்துர்றேன்னு கெளம்பிட்டேன். மருந்து முந்தின நாளே வாங்கியாச்சுதான். இருந்தாலும் கூட இருக்கட்டுமேன்னு. கீழ மரத்தடியில ரெண்டு பீடி குடிச்சுட்டு மேல வந்து பாக்கிறேன், கட்டில் பக்கத்துல முக்காலியப் போட்டு இவன் உக்காந்திருக்கான். சட்டையத் தூக்கி வயித்தைக் காட்டிக்கிட்டு இருக்கான். என் பொண்டாட்டிக்கு.

அவனுக்கும் அதே வியாதியாம். பத்து வருசம் ஆச்சாம். ஆஸ்பத்திரியில புதுசா பை வச்சவங்களுக்குத் தைரியம் சொல்ல வருவானாம், சும்மா, சேவையா. "பாத்தீங்களாம்மா, நான் மிசின் மிதிக்கிறேன், கல்யாண வீட்டுக்குப் போறேன், பந்தியில உக்காந்து சாப்பிடுறேன், ஒருத்தருக்கும் தெரியாது"ங்கிறான். இவ அவன் வயித்தையே பாத்துக்கிட்டு இருக்கா. ஆப்பரேசன் முடிஞ்சு அன்னைக்குத்தான் மொதமொதல்ல சிரிச்சா. நான் மருந்துப் பையோட வாசல்ல நிக்கிறேன். யாரும் என்னையப் பாக்கல.

மொதல்ல "அம்மா"ன்னான். அடுத்த மாசம் பாத்தா "அக்கா". இப்ப என்ன தெரியுமா? "மதினி". எங்க பக்கத்துல மதினின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல? கேலி பேசுற முறை. கேட்டா, "உங்களை அண்ணாச்சின்னு கூப்பிடுறேன், அப்ப இவுக மதினிதான"ன்னு சொல்றான். முறை சரியாத்தான் வருது. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

சரி, வீட்டுக்கு வந்த கதையச் சொல்றேன். நீங்களே நியாயம் சொல்லுங்க. வந்த ரெண்டாவது நாளோ மூணாவது நாளோ, இவளா மாட்டின பை சரியா ஒட்டல போல. கசிஞ்சிருச்சு. சேலை, பாய், எல்லாம். நான் அடுப்படியில இருந்து வந்தேன். என்ன செஞ்சேன்? மூக்கைப் பொத்தினேனா? இல்ல. மூஞ்சியச் சுளிச்சேனா? இல்ல. ஒரு வார்த்தை சொன்னேனா? கெடையாது. நேரா போயி கங்கு அள்ளினேன், கரண்டியில சாம்பிராணியப் போட்டேன், வீடு பூராக் காட்டினேன். நடுவீடு, அடுப்படி, வாசப்படி, அவ உக்காந்திருந்த மூலை. அவளைச் சுத்தியும் ஒரு சுத்து. பச்சப்பிள்ளையக் குளிப்பாட்டிக் காட்டுவோம்ல, அந்த மாதிரி. ஜன்னலையும் தொறந்துவிட்டேன். புகையில அவளுக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. நல்ல சாம்பிராணி தம்பி, கலப்படம் இல்ல.

அவ்வளவுதான். அவ எந்திரிச்சு உள்ரூமுக்குப் போயித் தாப்பாளப் போட்டா. அன்னைக்கு விழுந்த தாப்பாளு. ஒவ்வொரு தடவை பை மாத்துறப்பவும் உள்ள போயித் தாப்பாளப் போட்டுக்கிறா. நான் வெளிய நின்னு, "புஷ்பம், ஏதாச்சும் எடுத்துத் தரவா?"ன்னு கேப்பேன். "ஒண்ணும் வேணாம், கடைக்குப் போங்க." அம்புட்டுத்தான் பதிலு. சாம்பிராணி போட்டது ஒரு குத்தமா? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவளே போடுறவதான?

ஆனா உள்ள இருந்து போன்ல பேசுவா. கதவுக்கு இங்கிட்டு எனக்குக் கேக்கும். காது நல்லாக் கேக்கும் எனக்கு. "டைலர் தம்பி, ஓரம் பூரா செவந்திருக்கு... ஆமா... கத்திரியில ஓட்டையக் கொஞ்சம் பெருசா வெட்டிட்டேன்... சரி, அளவு பாத்து வெட்டுறேன்... தண்ணியத் தொட்டுத் தொடச்சு நல்லாக் காய விட்டு அப்புறம் ஒட்டுறேன்." அங்கிட்டு அவன் என்னமோ சொல்லுவான். இவ சிரிப்பா. நான் கதவுல காதை வச்சுக்கிட்டு நிப்பேன். என் வீடு. என் கதவு. நான் சந்தேகப்படுற ஆளு இல்ல, ஆனா சொல்லுங்க, நாப்பது வருசம் ஒரே பாயில படுத்தவனுக்குக் காட்டக் கூடாததை ஒரு டைலருக்குப் போன்ல சொல்றான்னா என்ன அர்த்தம்?

இன்னொண்ணு கேளுங்க. அவ ஒருநாளும் எந்த டைலர் முன்னாலயும் போயி நின்னவ இல்ல. அளவு ரவிக்கையத்தான் குடுத்துவிடுவா. கல்யாணம் ஆன புதுசுல இருந்து அதே பழக்கம், எனக்கும் அது பெருமைதான். இப்ப என்ன ஆச்சுன்னா, பாவாடை நாடா சரியா அந்தப் பை மேலயே விழுந்து அழுத்துது. ரெண்டு தடவை கசிஞ்சு போச்சு. இந்த இன்பராஜ், "நான் வேற மாதிரித் தச்சுத் தர்றேன் மதினி, நாடாவுக்குப் பதிலா அகலப் பட்டை, பை வர்ற இடத்துல ஒரு பொந்து. ஆனா அளவு எடுக்கணும்"னுட்டான். போனோம். நானும்தான் போனேன். அவன் சம்சாரமும் கடையிலதான் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. அது ஒரு நுனியப் புடிக்க, இவன் டேப்பை இவ இடுப்பைச் சுத்தி, சேலைக்கு மேலதான், சுத்தி எடுத்து, "முப்பத்தாறு"ங்கிறான். கடை பூராக் கேக்குற மாதிரி. எனக்கே தெரியாது அது முப்பத்தாறுன்னு. நான் வாசல்ல நின்னு ரோட்டைப் பாத்தேன்.

தச்சது நல்லாத்தான் இருந்துச்சு. அதையும் சொல்லணும்ல. அன்னையில இருந்து கசியல. வேர்வையில பை தோல்ல ஒட்டாம இருக்கப் பருத்தித் துணியில உறையும் தச்சுக் குடுத்தான், பூப்போட்டது. மாத்துப் பை, கத்திரி, பஞ்சு எல்லாம் வச்சுக்க ஒரு தோள்பையும் குடுத்தான். அந்தா மடியில வச்சிருக்கா பாருங்க, பச்சையா. அவ அம்மா வீட்டு நகைப்பெட்டியக் கூட அப்படிக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நான் பாத்ததில்ல.

இவங்க ஆளுங்கெல்லாம் அந்த வயித்துல இருக்கிற வாசலுக்கு ஒரு பேரு வச்சுக்குவாங்களாம். இன்பராஜ் அவனோடதுக்கு "மாப்பிள்ள"ன்னு வச்சிருக்கானாம். ஏன்னு கேட்டா, "எப்ப வருவாருன்னு தெரியாது, வந்தாச் சத்தம் போடாம இருக்க மாட்டாரு, கவனிப்புக் கொறஞ்சா மூஞ்சியத் தூக்கிக்குவாரு"ங்கிறான். சிரிச்சுட்டேன் தம்பி, அடக்க முடியல. என் சம்சாரமும் ஒரு பேரு வச்சிருக்கா. இவனுக்குத் தெரியும். இவன் சம்சாரத்துக்குத் தெரியும். எனக்குச் சொல்ல மாட்டேங்கிறா. கேட்டா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. என் பேரைத்தான் வச்சிருப்பாளோன்னு எனக்கு ஒரு இது.

இன்னைக்கு எதுக்கு மதுரைக்கு வந்தோம்னா, ஆஸ்பத்திரியில பை வச்சவங்க கூட்டம். மாசாமாசம் நடக்கும். வீட்டாளுகளையும் உள்ள வரச் சொல்லுவாங்க. நான் போறதில்ல. ஆம்பளை போயி அங்க உக்காந்து என்ன செய்யுறது? வண்டி நிப்பாட்டுற இடத்துல இருப்பேன். இன்னைக்கு ஜன்னல் வழியா மைக் சத்தம் கேட்டுச்சு. குரலு யாருன்னு பாத்தா, இவ. நம்பவே முடியல. கல்யாண வீட்டுல நாலு பேருக்கு முன்னால பேரைக் கேட்டாக் கூடத் தலையக் குனியிறவ, மைக்குல பேசுறா. "மொதல்ல செத்துப் போகலாம்னு இருந்துச்சு. இப்ப இல்ல"ங்கிறா. செத்துப் போகலாம்னு இருந்ததா என்கிட்டச் சொல்லவே இல்ல தம்பி. பீடியப் பத்த வச்சவன் அப்படியே நின்னுட்டேன். அப்புறம் அந்த நர்ஸம்மா கேக்குது, "வீட்டுல உங்களுக்கு ஒத்தாசையா இருக்கிறது யாரும்மா?"

நான் ஜன்னல் கிட்டப் போயிட்டேன்.

அவ மைக்கை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டா. அப்புறம், "டைலர் தம்பிதான்"னா. எல்லாரும் கை தட்டினாங்க.

வெந்நி வச்சது? மத்தைப் புடிச்சு மசிச்சது? ராத்திரி பகலா வாசல்ல நின்னது? விடுங்க. எனக்கு அந்த வியாதி வந்திருந்தாத் தேவலன்னு கூடத் தோணுச்சு. டாக்டரம்மா கேட்டதுக்கெல்லாம் ஆமான்னு சொல்ல வேண்டியவன் நான்தான? எனக்கு வந்திருந்தா நானும் அந்த ரூமுக்குள்ள உக்காந்திருப்பேன். அவ பக்கத்துல. மாப்பிள்ளை, சம்பந்தின்னு என்னத்தையோ பேரு வச்சுச் சிரிச்சுக்கிட்டு இருப்போம். வெளிய இருக்கிறவனுக்கு என்ன இருக்கு?

நான் பெருசா ஒண்ணும் கேக்கல தம்பி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவளுக்கு ஒரு அவசரம்னா அவனுக்கு முன்னால என் நெனப்பு வரணும். அம்புட்டுத்தான்.

திருமங்கலம் தாண்டியாச்சா? தாண்டியாச்சு. பாருங்க, இம்புட்டு நேரம் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினவன் தூங்கிட்டான். தலை ஆடுது பாருங்க. இதுக்குத்தான் என் சீட்டைப் புடிச்சானா? தூங்குறதுக்குப் பின் சீட்டு போதாதா? அவ தோள்ல சாயட்டும், அப்ப இருக்கு.

ரோடு வேற இப்படித் தூக்கித் தூக்கிப் போடுது. பள்ளத்துல விட்டான் பாருங்க. இந்த டிரைவருக்கு யாரு லைசென்சு...

இருங்க தம்பி.

உங்களுக்கு ஏதாச்சும் தெரியிதா? இல்லையா? எனக்குத் தெரியிது. ரசம் பொங்குற முன்னாலயே எனக்குத் தெரிஞ்சிரும், இது தெரியாதா. அவ முதுகைப் பாருங்க. தோளு ரெண்டும் ஏறிப்போச்சு பாத்தீங்களா? அப்படி உக்காந்தான்னாப் பயந்துட்டான்னு அர்த்தம். நாலாவது பிரசவத்துல பிள்ளை தங்காமப் போச்சே, அன்னைக்கு அப்படித்தான் கட்டில்ல உக்காந்திருந்தா. பச்சப் பைய வயித்தோட அழுத்திப் புடிக்கிறா. புடிக்காத புள்ள, அழுத்தாத, அழுத்தினா இன்னும் கசியும்னு அவனே சொல்லியிருக்கான்ல போன்ல.

அந்தா, முன்னால இருக்கிறவன் துண்டை எடுத்து மூக்குல வச்சுட்டான். அந்தப் பொம்பளை திரும்பிப் பாக்குது. சுத்திச் சுத்திப் பாக்குது. என்ன பாக்குற? உன் வயித்துல என்ன சந்தனமா இருக்கு? கண்டக்டர் வேற எந்திரிச்சு வர்றான். "எவன்யா வண்டிக்குள்ள அழுகினதைக் கொண்டு வந்தவன்? பையைக் காட்டு, எல்லாரும் பையைக் காட்டு"ங்கிறான். ஒவ்வொரு வரிசையாக் குனிஞ்சு பாக்கிறான். அவ வரிசைக்கு வரப் போறான்.

கையைத் தூக்குறா பாருங்க. டைலரை எழுப்பப் போறா. அவன் தோளைத் தட்டப் போறா. தட்டட்டும். அவனுக்குத்தான் எல்லாம் தெரியும். தட்டட்டும், நமக்கென்ன.

கண்டக்டரே. ஏ கண்டக்டரே, இங்கிட்டு வாய்யா. அங்க என்ன தேடுற? நான்தான்யா. ஆமா, நான்தான். வயிறு சரியில்ல. காலையில இருந்து போயிக்கிட்டே இருக்கு, அடக்க முடியல, வயசாச்சு. என்னய்யா சிரிக்கிற? உனக்கு வயிறு இல்லையா? ஏ அக்கா, மூக்கைப் பொத்தணும்னாப் பொத்திக்க, அங்க பாக்காத, இங்க பாரு. இந்தா இருக்கேன், தனுஷ்கோடி, விருதுநகரு. புரோட்டா தின்னு தின்னு கெட்ட வயிறு. நல்லாப் பாத்துக்கோங்க எல்லாரும். கள்ளிக்குடியில நிப்பாட்டு, நான் இறங்கிக்கிறேன். திட்டுறதை இறங்கினப்பறம் திட்டு.

நீங்க ஏன் தம்பி என்னைய அப்படிப் பாக்குறீங்க? சிரிக்கிறவன் சிரிக்கட்டும். கடையில வச்சு எவ்வளவு கேட்டாச்சு.

அவ... திரும்பிட்டா.

கை அப்படியே நிக்கிது பாருங்க. தட்டல. அவனைத் தட்டல தம்பி. என்னையப் பாக்குறா. கண்ணைப் பாருங்க, கொளம் மாதிரி. தலைய ஆட்டுறா. என்னையவா? உங்களுக்குத் தெரியிதா, என்னையத்தான ஆட்டுறா? பின்னால வேற யாரும் இல்லையே?

வா புஷ்பம், மெதுவா வா. கம்பியப் புடிச்சுக்க. அவனைத் தாண்டி வந்துரு, காலை இடிக்காம. பையைக் குடு, நான் வச்சுக்கிறேன். ஒண்ணும் இல்ல, ஒண்ணும் தெரியல. கள்ளிக்குடியில நம்மகிட்ட மாஸ்டரா இருந்த சங்கரபாண்டி ஓட்டல் போட்டிருக்கான்ல, பின்கட்டுல நல்ல பாத்ரூம் இருக்கு, சுடுதண்ணியும் இருக்கும். நான் கூட வர்றேன். வரவா? சரி, சரி, வர்றேன். கத்திரி உள்ள இருக்கா? நீ சொல்லு, நான் வெட்டுறேன். எனக்கு வெங்காயம் வெட்டத் தெரியும், அது தெரியாதா.

கண்டக்டரே, ரெண்டு பேரு இறக்கம்.

தம்பி, காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கோங்க. அந்த டைலரை எழுப்ப வேணாம். தூங்கட்டும், பாவம், அவனும் சீக்காளிதான். விருதுநகர்ல முழிச்சுப் பக்கத்துல பாத்துட்டுத் தேடுவான். உங்களைக் கேப்பான். கேட்டான்னா, புருஷனும் பொண்டாட்டியும் கள்ளிக்குடியிலேயே இறங்கிட்டாங்கன்னு சொல்லுங்க. எதுக்கு இறங்கினாங்கன்னு கேட்டான்னா, அது அவங்களுக்குள்ளன்னு சொல்லிருங்க.